மரங்களுக்கு முன் வந்த வண்டுகள்

அப்டன் வாரனுக்கு நான் முதலில் போனது பறவை பார்க்கத்தான். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, புரோம்ஸ்குரோவுக்கும் டிராய்ட்விச்சுக்கும் நடுவில், சால்வார்ப் என்கிற சிற்றாற்றின் ஓரத்தில் இருக்கும் குளங்கள் அவை. தரைக்கடியில் உப்பு இருக்கும் பகுதி. உப்புநீரை எடுத்து எடுத்து மேல்மண் இறங்கிப் பள்ளமாகி, கடலிலிருந்து அவ்வளவு தள்ளி ஓர் உவர் நீர்ப்பரப்பு உண்டாகிவிட்டது. அவொசெட் என்கிற, அலகு மேல்நோக்கி வளைந்த கறுப்பு வெள்ளைப் பறவை அங்கே கூடு கட்டுகிறது. மரத்தாலான மறைவிடத்தில் உட்கார்ந்து, தெர்மாஸ் காப்பியைக் குடித்துக்கொண்டு, நானும் என் மகளும் நாலு வருடமாக அதைப் பார்த்து வந்திருக்கிறோம்.

அந்த ஊருக்கு இன்னொரு பெயர்ச்சிறப்பு இருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு சேரிட்டி கடையில் இரண்டு பவுண்டுக்கு வாங்கிய பழைய நிலவியல் புத்தகத்தில், கடைசிப் பனியுகத்தின் கால அட்டவணை ஒன்று இருந்தது. பிரிட்டனின் பனியுகத்துக்கு நடுவே வந்துபோன ஓர் இளஞ்சூட்டுக் காலத்துக்கு எதிரே 'அப்டன் வாரன்' என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் காப்பி குடிக்கிற ஊர்! பக்கத்தைப் புரட்டினால், அந்தக் காலத்தைக் கண்டுபிடிக்க உதவியவை வண்டுகள் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்தது வேளாண் பூச்சியியல். நெல் வயலில் பூச்சி பிடித்து, ஊசி குத்தி, பெட்டி பெட்டியாக அடுக்கியவன். பிழைப்பு பிறகு கணினிப் பக்கம் போய்விட்டது, அது வேறு கதை. எங்கள் பாடத்தில் வண்டு என்றால் பயிரைத் தின்கிற பகைவன், இல்லையென்றால் அந்தப் பகைவனைத் தின்கிற நண்பன். பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய வெயிலுக்கு அது சாட்சி சொல்லும் என்று யாரும் ஒரு வரி சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து ஒரு குளிர்காலம் முழுக்க இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

வண்டுகளிடம் வருவதற்கு முன்னால் செடிகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நூறு வருடத்துக்கு மேலாக வடக்கு ஐரோப்பாவின் பழைய தட்பவெப்பத்தைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் ஏறியவை செடிகள்தான்.

டென்மார்க்கில் பீட் என்று ஒரு மண் உண்டு. சதுப்பில் செத்த பாசியும் புல்லும் காற்றுப் படாமல் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்தது. வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். 1840களின் தொடக்கத்தில் யாப்பேட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப் என்பவர் அந்தச் சதுப்புகளை மேலிருந்து கீழ்வரை கவனித்துப் பார்த்தார். அடியில் ஆஸ்பென் இலைகள், அதற்கு மேலே பைன் மரத்துண்டுகள், அதற்கும் மேலே ஓக், பிறகு ஆல்டர். அவர் காலத்து டென்மார்க்கின் காடோ பீச் மரக்காடு. ஒரே குழிக்குள் நாலைந்து காடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. நாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகியிருக்கிறது என்று எண்ண இது போதுமானதாக இருந்தது.

1870இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நாட்ஹோர்ஸ்ட், தெற்கு ஸ்வீடனின் களிமண்ணில், அந்தக் காடுகளுக்கெல்லாம் கீழே, சின்னச் சின்ன இலைகளைக் கண்டார். ஓரம் நெளிநெளியாக, தடித்த, கட்டைவிரல் நகமளவு இலை. டிரையாஸ் ஆக்டோபெட்டாலா. எட்டு இதழ் வெள்ளைப்பூ பூக்கிற, தரையோடு படர்கிற செடி. இன்றைக்கு அது இருப்பது ஆர்க்டிக் கரைகளிலும் ஆல்ப்ஸ் போன்ற உயர்மலைகளிலும். இலை பார்க்க ஓக் இலையின் குட்டி மாதிரி இருப்பதால் ஓக் மரத்து வனதேவதையின் பெயரை லின்னேயஸ் அதற்கு வைத்தார். மரமே இல்லாத நாட்டில் வாழும் செடிக்கு மரத்துத் தேவதையின் பெயர். இந்த வேடிக்கைக்குப் பிறகு வந்த பெயர்களும் ஒன்றும் குறைச்சலில்லை.

1901இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே ஆலரோட் என்ற ஊரின் செங்கல் சூளைக் களிமண் குழியில், ஹார்ட்ஸ், மில்தர்ஸ் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அடியில் டிரையாஸ் இலையுள்ள களிமண். நடுவே பிர்ச் மரத்தின் எச்சங்கள் கொண்ட கரிய சேற்றுப் படிவு. அதற்கு மேலே மறுபடியும் டிரையாஸ் களிமண்! பனி விலகி, நாடு சூடாகி, பிர்ச் வந்து, பிறகு ஏதோ ஒரு காரணத்தால் பழைய குளிர் திரும்பியிருக்கிறது. கதை நேர்கோட்டில் போகவில்லை என்பதற்கு அந்தச் செங்கல் குழி சாட்சி. நடுவே வந்த இளஞ்சூட்டுக் காலத்துக்கு 'ஆலரோட்' என்ற பெயரும், திரும்பி வந்த குளிருக்கு 'இளைய டிரையாஸ்' என்ற பெயரும் நிலைத்தன. கிரீன்லாந்துப் பனியிலிருந்து எடுத்த கணக்குப்படி அந்தக் குளிர் சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

இலை கிடைப்பது அதிர்ஷ்டம். மகரந்தம் அப்படியில்லை, எங்கேயும் கிடைக்கும். காற்றில் பறக்கிற மகரந்தத்தின் வெளி ஓடு இயற்கையில் இருக்கும் மிக உறுதியான கரிமப் பொருள்களில் ஒன்று. அமிலத்தில் வேகவைத்தாலும் கலையாது. ஸ்வீடனின் லென்னார்ட் வான் போஸ்ட், 1916இல், இன்று ஓஸ்லோ என்று நாம் சொல்கிற கிறிஸ்தியானியாவில் நடந்த ஒரு மாநாட்டில், சதுப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரத்தின் மகரந்தம் எத்தனை விழுக்காடு என்று எண்ணி, வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்க ஆட்கள் சேற்றில் குழாயை இறக்கி எண்ண ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் ஹாரி காட்வின் 1940இல் நாட்டின் பனிக்குப் பிந்தைய காலத்தையே மகரந்த மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்தார். முதல் மண்டலம் குளிர். இரண்டாவது ஆலரோட், பிர்ச் காடு, சூடு. மூன்றாவது மறுபடி குளிர். பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல ஒழுங்கான கணக்கு.

இதில் மிக அழகான வேலை என்று நான் நினைப்பது டென்மார்க்கின் யோஹானஸ் ஐவர்சன் 1944இல் செய்தது. மரம் எது என்று மட்டும் பார்க்காமல், மூன்று செடிகளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். ஹாலி, ஐவி, மிஸல்டோ. முதல் இரண்டும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எப்போதும் இருப்பவை. மூன்றாவது நம்மூர்ப் புல்லுருவியின் சொந்தக்காரன். ஹாலி கடுங்குளிரைத் தாங்காது. மிஸல்டோவுக்குக் குளிரைப் பற்றி அவ்வளவு கவலையில்லை, கோடை போதிய சூடாக இருக்க வேண்டும். ஆக ஒரு செடி குளிர்காலத்தைச் சொல்லும், இன்னொன்று கோடையைச் சொல்லும். அவற்றின் மகரந்தத்தை வைத்து, டென்மார்க்கின் கோடை ஒரு காலத்தில் இன்றைவிட இரண்டு டிகிரி அளவு சூடாக இருந்தது என்று அவர் காட்டினார். பாதரசமில்லாத வெப்பமானி.

இப்படி இருந்தபோதுதான் வண்டுகள் வந்தன.

1950களில் அப்டன் வாரனில் ஜல்லிக்கல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லிக்கு நடுவே கறுப்பு வண்டல் அடுக்குகள். அதற்குள் சடை யானை, சடைக் காண்டாமிருகம், காட்டெருது, பனிமான் எலும்புகள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையில் இருந்த ரஸ்ஸல் கூப்புக்கு அந்த வண்டலில் எலும்பைவிட வேறொன்று பிடித்துப்போனது. கறுப்பும் நீலமும் பச்சையுமாக மினுங்கும் பூச்சித் துண்டுகள். 2011இல் இறக்கும்வரை அவர் அந்தத் துண்டுகளை விடவேயில்லை.

வண்டின் உடல் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நீர் நிறைந்த, காற்றுப் புகாத சேற்றில் அது பல பத்தாயிரம் ஆண்டுகள் அப்படியே இருக்கும். முழு வண்டு அரிதாகத்தான் கிடைக்கும். தலை தனியாக, கழுத்துப்பட்டை போன்ற மார்பு ஓடு தனியாக, கெட்டியான முன்னிறகுகள் தனியாக. அதை மண்ணிலிருந்து பிரிக்க கூப்பின் ஆட்கள் கண்ட வழியைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சேற்றைச் சோடா உப்பு கலந்த நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பிசறி, பிறகு தண்ணீர் விட வேண்டும். கைட்டினில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். வண்டுத் துண்டுகள் எண்ணெயோடு மேலே மிதந்து வரும். அப்படியே வழித்தெடுத்து, கழுவி, ஸ்பிரிட்டில் போட்டு, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதுதான்.

போனில் இதை அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டா, சீமெண்ணெயில யாராச்சும் சேத்தக் கழுவுவாங்களா? ரேஷன்ல கெடைக்கிறதே இல்ல" என்றாள். ஈசல் கிளம்புவதைப் பார்த்து மழை வரும் என்று சொல்கிற ஆள் அவள். பூச்சியை வைத்து வானிலை சொல்வது அவளுக்கு ஆச்சரியமே இல்லை, எண்ணெய்ச் செலவுதான் ஆச்சரியம்.

துண்டுகளை எடுத்தாயிற்று. அது எந்த வண்டு? இங்கேதான் கூப்புக்கு முன்னால் இருந்தவர்கள் சறுக்கினார்கள். அமெரிக்காவின் சாமுவேல் ஸ்கடர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோ களிமண்ணில் கிடைத்த வண்டுகளை ஆராய்ந்து, ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோன இனங்கள் என்று புதுப்புதுப் பெயர் வைத்தார். பழையது என்றால் வேறாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். அப்படியானால் அவற்றை வைத்துத் தட்பவெப்பத்தைச் சொல்லவே முடியாது. இன்று இல்லாத வண்டுக்கு எந்தச் சூடு பிடிக்கும் என்று யாரைக் கேட்பது?

கூப் அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்திருந்த இன்றைய வண்டுகளோடு துண்டு துண்டாக ஒப்பிட்டார். இறகிலுள்ள கோடு, குழி, மயிர் முளைக்கும் புள்ளி எல்லாம் பொருந்தின. சிலவற்றில் ஆண் வண்டின் பிறப்புறுப்புகூட அழியாமல் இருந்தது. பூச்சிகளை இனம் பிரிப்பதில் கடைசித் தீர்ப்பு அதுதான், பூட்டும் சாவியும் மாதிரி இனத்துக்கு இனம் மாறும். அதுவும் பொருந்தியது. வண்டுகள் மாறவும் இல்லை, அழியவும் இல்லை. பிரிட்டனில் காணாமல் போனவை வேறெங்கோ உயிரோடு இருந்தன.

எங்கே என்பதுதான் வியப்பு. அஃபோடியஸ் ஹோல்டெரெரி என்றொரு சாண வண்டு. பனியுகத்து இங்கிலாந்தின் பல படிவுகளில் அது ஏராளம். இன்றைக்கு அது வாழும் ஒரே இடம் திபெத்தியப் பீடபூமி, 3,000 மீட்டருக்கு மேல். கூப் 1973இல் இதை எழுதினார். திபெத்தில் யாக்கின் சாணியில் இருக்கிற வண்டு, ஒரு காலத்தில் வொர்ஸ்டர்ஷயர் பக்கத்தில் காட்டெருதுச் சாணியில் இருந்திருக்கிறது. நான் மகளிடம் சொன்னபோது, "அப்ப அது அவ்ளோ தூரம் நடந்தா போச்சு?" என்றாள். பறந்தது என்றேன். ஆனால் அதுவும் சரியில்லை. ஒரு வண்டு போகவில்லை. இனம் பரவியிருந்த பெரும்பரப்பு மேற்கில் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் திபெத் மட்டும் மிஞ்சியது.

அப்டன் வாரன் வண்டலில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் வயது சுமார் 42,000 ஆண்டு. மகரந்தத்தைப் பார்த்தால் மரமே இல்லை, புல்லும் கோரையும்தான். பழைய கணக்குப்படி மரமில்லை என்றால் குளிர், துந்திரம். வண்டுகளைப் பார்த்தால் அதில் பல இன்று தெற்கு இங்கிலாந்திலும் நடு ஐரோப்பாவிலும் வாழ்பவை. ஆர்க்டிக் கோடையில் அவற்றால் தலைமுறை தள்ள முடியாது. ஒரே கைப்பிடிச் சேறு, இரண்டு சாட்சிகள், இரண்டு வேறு வாக்குமூலம்.

மந்தைகள் மேய்ந்து மரக்கன்றை விடவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் கூப் மெல்ல மெல்ல வந்துசேர்ந்த விளக்கம் வேறு. சூடு சட்டென்று வந்தது. மரங்கள் தெற்கே எங்கோ வெகுதொலைவில் இருந்தன. அவை வந்து சேர்வதற்குள் சூடு போய்விட்டது. வண்டுகள் மட்டும் நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போயின.

பனியுகத்தின் நடுவே நடந்த ஒன்றோடு இது நின்றிருந்தால் விதிவிலக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். பனி விலகிய காலத்திலேயே, காட்வினின் மண்டலங்கள் ஆட்சி செய்த இடத்திலேயே, அது மறுபடி வந்தது. வடக்கு வேல்ஸின் கடலோரத்தில் கிளான்லினாய் என்ற இடம். பனியாறு பின்வாங்கியபோது புதைந்துபோன பனிக்கட்டி உருகி உண்டாக்கிய பள்ளத்தில் சேறு அடுக்கடுக்காக நிறைந்திருந்தது. கூப்பும் புரோஃபியும் அங்கே வண்டுகளை அடுக்கு வாரியாக எடுத்து 1972இல் வெளியிட்டார்கள். அடியில் ஆர்க்டிக் வண்டுகள். அடுத்த அடுக்கில் திடீரென்று அவை மறைந்து சூட்டு நாட்டு வண்டுகள். ஆனால் மகரந்தம் அங்கே இன்னும் 'முதல் மண்டலம், குளிர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பிர்ச் மகரந்தம் பெருகுகிறது, இரண்டாம் மண்டலம், 'சூடு'. அந்த அடுக்கில் வண்டுகளைப் பார்த்தால் சூட்டு நாட்டு இனங்கள் குறைந்து, குளிர் தாங்கும் வடக்கத்தி இனங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

இதை நான் இரண்டு தடவை படித்தேன். மகரந்த ஆய்வாளர்கள் பாதி நூற்றாண்டாக 'இதுதான் சூடான காலம்' என்று சுட்டிக்காட்டிய அதே காலத்தில், வண்டுகளின் கணக்குப்படி சூட்டின் உச்சம் முடிந்து இறக்கம் தொடங்கியிருந்தது. பிர்ச் காடு சூட்டை அறிவிக்கவில்லை. சூடு போய்க்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்த விருந்தாளி அது. கல்யாணத்துக்குக் கிளம்பி, பந்தல் பிரிக்கும்போது வருகிற ஒன்றுவிட்ட மாமா மாதிரி.

மரம் ஏன் தாமதித்தது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பனியாறு விட்டுப்போன நிலம் பச்சை மண். நைட்ரஜன் கிடையாது, மட்கு கிடையாது. விதை பறந்து வந்து விழுந்தாலும், முளைத்து, வளர்ந்து, தானே விதை போடப் பல வருடம் ஆகும். அதன் பிறகுதான் அடுத்த எட்டு. மற்ற சாமான்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஓடிவரக்கூடியது வண்டு. அதிலும் வேட்டை வண்டுக்கும் அழுகல் தின்னும் வண்டுக்கும் காடு வேண்டாம், குறிப்பிட்ட செடி வேண்டாம். ஈரமண்ணில் நகர்கிற ஏதாவது இருந்தால் போதும்.

மகரந்தக்காரர்கள் இதை உடனே ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கில் மகரந்தம் கிடைக்கும், விழுக்காடு போடலாம், ஐரோப்பா முழுக்க ஒப்பிடலாம். வண்டுக்காரர் கிலோக் கணக்கில் சேறு கேட்கிறார், அதைக் கொண்டு சில டஜன் துண்டுகளைக் காட்டி 'உங்கள் சூடான காலம் சூடானதில்லை' என்கிறார். யாருக்குத்தான் கோபம் வராது? செடிகள் பின்தங்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும். இவ்வளவு பின்தங்கும் என்றும், அந்த இடைவெளிக்குள் ஒரு உச்சமே ஒளிந்திருக்கும் என்றும் நினைக்கவில்லை. இதில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி 1977இல் நடந்தது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வின்டர்மியர் ஏரியின் அடிச்சேற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மகரந்த அறிஞர் வினிஃப்ரெட் பென்னிங்டன், கூப்போடு சேர்ந்து ஒரே கட்டுரை எழுதினார். பிரிட்டனின் அந்த இளஞ்சூட்டுக் காலத்துக்கு டென்மார்க்கின் பெயரை விட்டுவிட்டு 'வின்டர்மியர்' என்று பெயர் வைத்தார்கள். சேறு அவருடைய ஏரி, வண்டு இவருடையது.

அடுத்த கேள்வி, எத்தனை டிகிரி? 'இது சூட்டு வண்டு, அது குளிர் வண்டு' என்று எத்தனை நாள் சொல்வது. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் டிம் அட்கின்சன், கீத் பிரிஃபா ஆகியோரோடு கூப் செய்த வேலை 1987இல் 'நேச்சர்' இதழில் வந்தது. யோசனை எளிமையானது. ஓர் இனம் இன்று வாழும் இடங்களையெல்லாம் எடுத்துக்கொள். அந்த இடங்களில் மிகச் சூடான மாதத்தின் சராசரி என்ன, அதற்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று ஒரு கட்டத்தில் குறி. அந்த இனத்துக்கு ஒரு திட்டு கிடைக்கும். இப்படி ஒரே அடுக்கில் கிடைத்த ஒவ்வோர் இனத்துக்கும் திட்டு போட்டு, ஒன்றன்மேல் ஒன்று வை. எல்லாத் திட்டுகளும் சேரும் சின்ன இடம்தான் அன்றைய தட்பவெப்பம். செடி தின்னும் வண்டுகளை அவர்கள் சேர்க்கவேயில்லை. செடி தாமதித்தால் அதைத் தின்னும் வண்டும் தாமதிக்குமே! சாட்சியைச் சேர்ப்பதற்கு முன்னால் அவர் யாரை நம்பி வாழ்கிறவர் என்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஓர் ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை.

கிடைத்த விடை: பிரிட்டனின் ஜூலை மாதச் சராசரி 10 டிகிரியை ஒட்டி இருந்தது, மிகக் குறுகிய காலத்தில் 17 டிகிரி அளவுக்கு ஏறியிருக்கிறது. ஏறக்குறைய இன்றைய கோடை. பிறகு படிப்படியாக இறங்கி, இளைய டிரையாஸ் காலத்தில் மறுபடி பழைய இடம். ஸ்காட்லாந்தில் பனியாறுகள் திரும்ப வளர்ந்தன. பிறகு இன்னொரு பாய்ச்சல், அது இன்றுவரை நீடிக்கிறது. ஏற்றங்கள் இரண்டும் செங்குத்து, நடுவிலுள்ள இறக்கம் சாய்வு.

அதே ஆண்டுகளில் இதற்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் கிரீன்லாந்தில் பனியைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். 1989இல் வில்லி டான்ஸ்கார்டும் கூட்டாளிகளும், இளைய டிரையாஸ் முடிந்தபோது தெற்கு கிரீன்லாந்து சுமார் 50 ஆண்டுகளுக்குள் 7 டிகிரி சூடாகியது என்று எழுதினார்கள். 1993இல் ரிச்சர்ட் ஆலி குழு, அதே முடிவில் பனிப்பொழிவு இரண்டு மடங்கானதற்கு மூன்றே வருடம், ஒருவேளை ஒரே வருடம்கூடப் போதுமாக இருந்திருக்கலாம் என்று காட்டியது. பனியின் வரைபடத்தில் சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு செங்குத்து ஏற்றம், தொடக்கத்திலேயே உச்சம், பிறகு படியிறக்கம். வண்டுகள் வரைந்த அதே உருவம். பனிக்குப் பின்தங்கத் தெரியாது. விழுந்த வருடத்தின் கணக்கு விழுந்த வருடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

வண்டு சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்காலக் கணக்கில் அது பலவீனமான சாட்சி. மேலே பனி மூடியிருக்க, மண்ணுக்குள் உறங்குகிற உயிருக்கு வெளியே எத்தனை டிகிரி என்று முழுசாகத் தெரியாது. பின்னால் ஏரிச் சேற்றில் கிடைக்கும் கடிக்காத கொசு வகைகளின் புழுத்தலைகளை எண்ணிக் கோடைச் சூட்டைக் கணக்கிடும் முறை வந்தது. சில இடங்களில் அவை வண்டைவிடக் குறைவான சூட்டைச் சொல்கின்றன. உருவம் பெரும்பாலும் ஒன்றுதான், உயரத்தில்தான் சண்டை. அது இன்னும் நடக்கிறது.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. மகரந்தம் பொய் சொல்லவில்லை. அது 'இங்கே காடு எப்போது இருந்தது' என்ற கேள்விக்கு மிகச் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் கேட்டது 'சூடு எப்போது வந்தது' என்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த காலத்தை யாரும் எண்ணவில்லை. அதனால்தான் தட்பவெப்பம் மரம் நடக்கிற வேகத்தில்தான் மாறும் என்று ஒரு தலைமுறை அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். இப்போது எங்கள் தெருவில் உள்ள பழைய பீச் மரங்கள் பச்சையாக நிற்பதைப் பார்த்து, ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது எனக்குக் கிளான்லினாய் நினைவு வருகிறது. வளர்ந்த மரம் தனக்குப் பிடிக்காத காலத்திலும் நூறு வருடம் நிற்கும். அதன் கன்று முளைக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அத்தனை ஆட்டத்திலும் வண்டினங்கள் பெரும்பாலும் அழியவில்லை என்பது கூப்பின் ஆய்வில் திரும்பத் திரும்ப வருகிறது. நிறையப் பேர் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள், 'பாருங்கள், அப்போதும் தப்பின, இப்போதும் தப்பும்' என்று. தப்பியதற்குக் காரணம் அவை இடம் பெயர்ந்ததுதான். அன்றைக்கு ஸ்பெயினிலிருந்து வேல்ஸ் வரை நெடுஞ்சாலை கிடையாது, மருந்தடித்த கோதுமை வயல் கிடையாது. கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கால்வாயின் பெரும்பகுதிகூடத் தரைதான். அப்டன் வாரனுக்கு நாங்கள் போகிற வழியில் எம்5 நெடுஞ்சாலை இருக்கிறது. தரை வண்டு ஒன்று அதைக் கடப்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

போன மார்ச்சில் இதையெல்லாம் கையால் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்டன் வாரனில் தோண்டக் கூடாது, அது காப்பகம். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் முந்தைய சொந்தக்காரர் வெட்டி விட்டுப்போன சின்னக் குளம் ஒன்று உண்டு. அதன் அடிச்சேற்றை ஒரு வாளி எடுத்தோம். சோடா உப்பு சூப்பர்மார்க்கெட்டில் கிடைத்தது. மண்ணெண்ணெய்க்கு இங்கே பாரஃபின் என்று பெயர், வன்பொருள் கடையில் வாங்கினேன். மாவுச் சல்லடையைத்தான் பயன்படுத்தினேன், அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. கொல்லையில் வைத்துப் பிசறித் தண்ணீரை ஊற்றினோம். முதலில் எண்ணெயும் பாசித் துணுக்கும் விதையும்தான் மிதந்தன. மகள் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்பா, மினுங்குது!" என்றாள்.

அரை இறகு. அரிசியில் பாதி நீளம். வரிசை வரிசையாகக் குழிகள், குழிக்கு நடுவே மெல்லிய வரம்பு. பழைய கைலென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தேன். கூன்வண்டுக் குடும்பம் என்று சொல்ல முடிந்தது, அதற்கு மேல் போக முடியவில்லை. இருபது வருடம் ஆயிற்று அந்த வேலையை விட்டு. செடி தின்னும் வகை, அதனால் அட்கின்சனின் கணக்கில் அதற்கு இடமில்லை. மகளுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, தாள் ஒட்டி, தேதியும் வாளியின் ஆழமும் எழுதி, சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள்.